எட்டாவது வாரம்

வியாழன் முடிந்து இருபத்தைந்து நிமிடம்.
நீகாத்தாவில் எல்லாரும் தூங்கிய பிறகுதான்
எங்களைப் போன்றவர்களின் கதையை
ஒளிபரப்புகிறார்கள்.

ரியோஜி ஒலியை ஏழில் வைக்கிறான்.
ஏழைத் தாண்டினால்
நுமாதாவின் சுவருக்குக் கேட்டுவிடும்.
அந்தப் பக்கம் அவர் தும்மினால்
இந்தப் பக்கம் என் தேநீர் நடுங்கும்,
அவ்வளவுதான் சுவர்.

திரையில் ஒரு பிரெஞ்சுக்காரன்.
சொந்தமாய் ரொட்டிக்கடை, கடல் பார்த்த மாடி,
வழுக்கிக்கொண்டு போகும் ஜப்பானிய மொழி.
வாரத்துக்கு ஒரே ஒரு பிழை விடுகிறான்,
அதுவும் முத்தம் வாங்கித் தருகிற பிழை.
நான் விட்ட பிழையில்
நாற்பது பெட்டி கானாங்கெளுத்தி
வேறு ஊர் லாரியில் ஏறிப் போயிற்று.

"இவனுக்கு விசா யார் கொடுத்தது?"
"பேசாமல் பார், குபாத்."

பேசாமல் பார்க்கிறேன்.
குடிவரவு அலுவலகம் வரவில்லை.
டோக்கன் எண் வரவில்லை.
உறவு என்ற கட்டத்துக்கு மேலே
என் பேனா நின்றுகொண்டிருந்த நேரம் வரவில்லை.
'வெளிநாட்டவரா, மன்னிக்கவும்' என்று
பதினொரு வீட்டுக்காரர்கள்
போனிலேயே குனிந்து வணங்கியது வரவில்லை.

பன்னிரண்டாவது வீட்டுக்குப் போனபோது
நீங்கள் இருவரும் என்ன உறவு என்றார் தரகர்.
எங்கள் ஊர்க் கதை ஒன்றை எடுத்துவிட்டேன்:
கிர்கிஸ்காரனும் ஜப்பான்காரனும்
ஒரு காலத்தில் அண்ணன் தம்பி.
கறி பிடித்தவன் மலையிலேயே தங்கிவிட்டான்.
மீன் பிடித்தவன் கிழக்கே போனான்.
தரகர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.
அன்று முதல் இந்தக் கட்டடத்துக்கு
நாங்கள் அண்ணன் தம்பி.

நுமாதா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.
குப்பை நாளில் பைகளைத் தூக்கி
விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்.
மூடி கழற்றாத ஒரு பாட்டிலுக்காக
என் பையை என் வாசலுக்கே
திருப்பிக் கொண்டுவந்தார் போன மாதம்,
பயணி விட்டுப்போன பொருளைப் போல, இரண்டு கைகளாலும்.
"தம்பி சௌக்கியமா?" என்று
ரியோஜியை விசாரித்தார்.
அவன் என்னைவிட ஆறு வயது மூத்தவன்.

இப்போது ரயில் நிலையம். செயற்கைப் பனி.
(எங்கள் ஜன்னலில் அசல் பனி
யாரும் படம்பிடிக்காமல் பெய்கிறது.)
பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் போகிறான்.
நடைமேடையில் மற்றவன்
எட்டு வாரமாய்ச் சொல்லாததைச்
சொல்லப் போகிறான்.

என் மொழியில் அந்தச் சொல்லுக்கு
நேர்ப்பொருள்:
உன்னை நல்லபடி பார்க்கிறேன்.
முதல் தடவை சொன்னபோது
ரியோஜி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்,
சோயா கறை ஏதாவது இருக்கிறதா என்று.
பதில் இன்னும் சொல்லவில்லை.
ஆரஞ்சு உரித்தால்
என் சுளைகளில் மட்டும்
வெள்ளை நார் ஒன்று விடாமல் எடுத்துவிடுவான்.

நடைமேடைக்காரன் வாய் திறக்கிறான்.
சரியாக அப்போது
ரியோஜி ஒலியைக் குறைக்கிறான்,
ஆறு, நான்கு, இரண்டு.
இந்த இடத்தில் அவனுக்குக் கூச்சம்,
அல்லது பயம். இத்தனை வருடமாகியும்
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"போகாதே" என்றது
சுவர்.

அரை மூச்சு தாமதமாக,
ஆனால் அதே குரல், அதே நடுக்கம்.
பின்னாலேயே பியானோ.
பிறகு, பியானோவில் சேராத ஓர் ஓசை:
கிழவர் ஒருவர் மூக்குச் சிந்துகிறார்.

ரியோஜி என்னைப் பார்த்தான்.
நான் ரியோஜியைப் பார்த்தேன்.
எட்டு வியாழன்களாக இரண்டு வீடுகள்
ஒன்றுக்கொன்று கேட்கக்கூடாதென்று
ஒலியைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.
இன்று அவர் மறந்துவிட்டார்.

ஒலியை முழுக்க அணைத்தான்.
படம் எங்களுடையது, பேச்சு அவருடையது.
உதடு முந்திக்கொள்ள, சொல்
சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தது.
அப்படியே முடிவுவரை உட்கார்ந்திருந்தோம்.
முடி வளர்க்கும் தைலத்தின் விளம்பரத்தைக்கூட
விடாமல் கேட்டோம்.

நாளை பிளாஸ்டிக் குப்பை.
மறக்காமல் மூடியைக்
கழற்றி வைக்க வேண்டும்.